கிளிக் செய்து முடிக்கும் பயிற்சி இரவு ஷிப்டுக்கு உதவாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கடலூர் சிப்காட்டிலும் புதுச்சேரி தொழிற்பேட்டைகளிலும் ஷிப்ட் சூப்பர்வைசர்களுக்கான அவசரகாலப் பயிற்சி இப்போது செல்போனுக்குள் வந்துவிட்டது. லிங்க் வரும், முக்கால் மணி நேரம் வீடியோ ஓடும், கடைசியில் பத்துக் கேள்வி. தவறினால் மறுபடி எழுதலாம். சான்றிதழ் பிடிஎஃப்பாக இறங்கும், ஆய்வுக்கு வருபவர் கேட்டால் காட்ட ஃபைல் தயார். ஆன்லைனே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. மூன்று ஷிப்ட் ஆட்களை ஒரே நாளில் ஓர் அறையில் உட்கார வைப்பது எந்தத் தொழிற்சாலையிலும் நடக்காத காரியம். ஆனால் எதைத் திரையில் கற்பிக்கலாம், எதைக் கற்பிக்கவே முடியாது என்று யாரும் பிரித்துப் பார்க்கவில்லை. எங்கள் குறை அதுதான்.

இந்தப் பாடங்களில் வரும் கட்டளை அமைப்பு (அவசரத்தில் யார் யாருக்குக் கட்டளையிடுவது என்று வகுக்கும் ‘இன்சிடென்ட் கமாண்ட் சிஸ்டம்’) 1970-ல் கலிஃபோர்னியாவில் மூண்ட காட்டுத்தீக்களின் பாடத்தில் இருந்து பிறந்தது. பல துறைகள் ஒரே களத்தில் குவிந்து, யார் சொல்லை யார் கேட்பது என்று தெரியாமல் தடுமாறியதால் உருவாக்கப்பட்ட முறை. நம் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010-ல் அதை நம் நிர்வாகத்துக்கு ஏற்றபடி மாற்றி வழிகாட்டுதலாக வெளியிட்டது. அமெரிக்காவில் இதன் தொடக்கப் பாடங்களான 100, 200 ஆகியவற்றை யார் வேண்டுமானாலும் இணையத்தில் இலவசமாகப் படித்துத் தேறலாம். 300, 400 என்று மேலே போனால் பயிற்றுநர் முன்னால் குழுவாக உட்கார்ந்து செய்தால்தான் தேர்ச்சி. யார் என்ன பொறுப்பு, ஒருவர் நேரடியாக எத்தனை பேரைக் கவனிக்கலாம் (ஐந்து பேர் உத்தமம், ஏழைத் தாண்டக் கூடாது), பொறுப்பை எப்படிக் கைமாற்றுவது என்பதையெல்லாம் திரையில் படித்துக்கொள்ளலாம். முடிவெடுப்பதைப் படித்துக் கற்க முடியாது.

நம் ஊரில் நடப்பதைப் பார்ப்போம். ஆலையின் அவசரகாலத் திட்டத்தில் தலைமைக் கட்டுப்பாட்டாளர் என்று ஆலை மேலாளரின் பதவிதான் இருக்கும். இரவு இரண்டு மணிக்கு அவர் புதுச்சேரியிலோ கடலூர் புதுநகரிலோ தூங்கிக்கொண்டிருப்பார். எழுந்து வந்து சேர முக்கால் மணி நேரம் ஆகலாம். அதுவரை முழுப் பொறுப்பும் ஷிப்ட் சூப்பர்வைசர் தலையில். அவர் செய்யும் முதல் தவறு பெரும்பாலும் ஒன்றே: தீயணைப்புக் குழாயைத் தானே கையில் பிடித்துவிடுவார், அல்லது வால்வை மூடத் தானே ஓடுவார். வேலை தெரிந்த மனிதர், கை சும்மா இருக்காது. அவர் உள்ளே போன நொடியில் வெளியே கட்டளையிட ஆள் இல்லை. கேட்டுக்கு வரும் தீயணைப்பு வண்டிக்கு வழி சொல்ல ஆள் இல்லை, எத்தனை பேர் உள்ளே என்று சொல்லவும் ஆள் இல்லை.

இரண்டாவது தவறு சைரன். 2020 மே 7 அதிகாலை விசாகப்பட்டினத்தின் எல்.ஜி. பாலிமர்ஸ் ஆலையில் ஸ்டைரீன் என்ற நச்சு ரசாயனம் ஆவியாகக் கசிந்தபோது, சைரனை ஒலிக்க அந்த ஆலையில் கேட் உட்பட 36 இடங்களில் வசதி இருந்தும் ஒன்றைக்கூட யாரும் இயக்கவில்லை என்று ஆந்திர அரசின் உயர்மட்டக் குழு பதிவு செய்தது. கருவி இருந்தது, கை போகவில்லை. காரணம் ஊகிக்கக் கடினமானதல்ல. ‘சும்மா ஒலித்துவிட்டால் காலையில் விளக்கம் எழுதித் தர வேண்டும்’ என்ற பயம் எல்லா ஆலையிலும் உண்டு. எந்த ஆன்லைன் பாடமும் இந்தப் பயத்தைத் தொடுவதில்லை. ‘சந்தேகம் இருந்தால் ஒலிக்கலாம், தவறாக ஒலித்தாலும் மெமோ கிடையாது’ என்று நிர்வாகம் கையெழுத்திட்ட ஒரு தாள் கண்ட்ரோல் ரூம் சுவரில் ஒட்டியிருந்தால் பத்து வீடியோவைவிட அது அதிகம் கற்பிக்கும்.

அடுத்தது போன். 101-க்கோ 112-க்கோ அழைத்து ‘சார், சிப்காட்டுல கேஸ் லீக்கு, சீக்கிரம் வாங்க’ என்று சொல்லி வைத்துவிடுவதுதான் வழக்கம். எதிர்முனையில் இருப்பவருக்கு வேண்டியதை வரிசையாகச் சொன்னால் அரை நிமிடம்தான் ஆகும்: சிப்காட் முதல் கட்டமா இரண்டாம் கட்டமா, எந்த ஆலை, எந்த கேட் வழியாக உள்ளே வர வேண்டும், கசிவது அமோனியா, ஐ.நா. எண் 1005 (ரசாயனத்தை அடையாளம் காட்டும் உலகப் பொது எண்), டேங்கின் கொள்ளளவு, வால்வு மூடப்பட்டதா இல்லையா, இரண்டு பேருக்கு மூச்சுத்திணறல், ஒருவரைக் காணவில்லை, காற்று இன்ன பக்கம் வீசுகிறது, ஆகவே வண்டி எதிர்ப்பக்கமாக வரட்டும், திரும்ப அழைக்க இந்த எண். இதை வாயால் சொல்லிப் பழக வேண்டும். நான்கு விடையில் ஒன்றை டிக் அடித்துப் பழகினால் பதற்றத்தில் நாக்கு புரளாது.

காற்று விஷயத்தில் கடலூருக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. பிற்பகலில் கடல்காற்று வாயுவை மேற்கே சிதம்பரம் சாலைப் பக்கம் தள்ளும். நள்ளிரவுக்குப் பிறகு தரைக்காற்று அதையே உப்பனாற்றுப் பக்கம் திருப்பிவிடும். ஒரே ஒரு அசெம்பிளி பாயின்ட் வைத்திருக்கும் ஆலையில் பாதி நாள் ஆட்களை வாயுவுக்குள்ளேயே ஓடச் சொல்கிறோம் என்று பொருள். எதிரெதிர்ப் பக்கங்களில் இரண்டு இடம் வேண்டும், எது என்று சூப்பர்வைசர் காற்றுப்பையை (கம்பத்தில் பறந்து காற்றின் திசை காட்டும் துணிப்பை) பார்த்து மைக்கில் அறிவிக்க வேண்டும். இரவில் காற்றுப்பை கண்ணுக்குத் தெரிய அதன்மேல் ஒரு விளக்கு வேண்டும். கொண்டல், கச்சான் என்று காற்றைப் பெயர் சொல்லி அறிந்த ஊர் இது. பாடத்தில் வருவதோ ‘காற்றின் திசையைக் கவனிக்கவும்’ என்ற ஒற்றை வரி.

தலை எண்ணுவதிலும் இதே கதை. பயோமெட்ரிக் கணக்கை நம்புவார்கள். அதன் கணினி இருப்பது வாயு சூழ்ந்த அலுவலகக் கட்டடத்தில். காண்ட்ராக்ட் ஆட்கள், லாரி டிரைவர், கிளீனர், கேன்டீன்காரர் அதில் வரவும் மாட்டார்கள். உள்ளே போகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு டோக்கன் என்று கேட்டில் தொங்கும் டோக்கன் பலகை பழைய முறைதான், ஆனால் மின்சாரம் போனாலும் பேசும்.

முதுகில் காற்றுச் சிலிண்டருடன் மாட்டிக்கொள்ளும் மூச்சுக் கருவி பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சூப்பர்வைசர் போடும் தப்புக் கணக்கில் உயிர் போவது இங்கேதான். ஆறு லிட்டர் சிலிண்டர், 300 பார் அழுத்தம் என்றால் சுமார் 1800 லிட்டர் காற்று. நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று கணக்கிட்டு ‘45 நிமிடக் கருவி’ என்பார்கள். கனமான வேலையில், பயத்தில், ஒருவர் 50 லிட்டரோ அதற்கு மேலோ இழுப்பார். விசில் ஒலிக்கும் கடைசி 50 பாரை வெளியே வருவதற்கென்று ஒதுக்கினால் மிஞ்சுவது 1500 லிட்டர், அதாவது 30 நிமிடம். அதிலும் போக, வேலை பார்க்க, திரும்ப என்று பிரிக்க வேண்டும். அழுத்தமானி 300-ல் இல்லாமல் 220-ல் நின்றால் கைக்கு வருவது 20 நிமிடம்தான். உள்ளே போனவர் பெயர், போன நேரம், அப்போதைய அழுத்தம் மூன்றையும் வெளியே ஒருவர் பலகையில் எழுதி, ‘திரும்பு’ என்று கூப்பிட வேண்டும். இரண்டு பேராகத்தான் உள்ளே போக வேண்டும், அதே உடையில் இன்னும் இரண்டு பேர் வெளியே தயாராக நிற்க வேண்டும். தாடி வைத்திருப்பவருக்கு முகமூடி காற்றுப் புகாமல் உட்காராது. சங்கடப்படாமல் சொல்லிவிட வேண்டிய விஷயம்.

கழிவுநீர்த் தொட்டிகளில் இன்னொரு ஆபத்து. ஹைட்ரஜன் சல்ஃபைடின் அழுகிய முட்டை நாற்றம் 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவில் மூக்குக்குத் தெரியாமல் போய்விடும். உயிருக்கு உடனடி ஆபத்து என்று குறிக்கப்பட்ட அளவும் அதேதான். ஒருவர் விழுந்தால் அடுத்தவர் குதிப்பார், அவரைத் தூக்க மூன்றாமவர் இறங்குவார். இந்தச் சாவுகளில் பல, காப்பாற்றப் போனவர்களுடையவை. அங்கே சூப்பர்வைசரின் முதல் வேலை, இரண்டாமவரின் கையைப் பிடித்து நிறுத்துவது. குளோரின் கசிவில் உருளை மேலேயே தண்ணீர் பீய்ச்சக் கூடாது, அமிலம் உண்டாகி ஓட்டை பெரிதாகும் என்பதும் இப்படித்தான்: கேள்வித்தாளில் சரியாக எழுதுவார்கள், ஹோஸ் கையில் கிடைத்ததும் மறந்துவிடுவார்கள்.

சட்டத்தில் இடம் இல்லாமல் இல்லை. அபாயகரமான ரசாயனங்கள் பற்றிய 1989 விதிகள் ஆலைக்குள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஒத்திகை நடத்தச் சொல்கின்றன. ரசாயன விபத்துகள் பற்றிய 1996 விதிகள்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் நெருக்கடிக் குழுவும் உண்டு. ஆனால் ஒத்திகை பெரும்பாலும் காலை 11 மணிக்கு, முதல் நாளே சொல்லிவைத்து, விருந்தினர் பந்தல் போட்டு நடக்கிறது. யாருக்கும் வியர்க்காத ஒத்திகை.

ஆகவே தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககமும் மாவட்ட நெருக்கடிக் குழுவும் சில மாற்றங்களைக் கட்டாயமாக்கலாம். பாடம் தமிழில், இருபது இருபது நிமிடத் துண்டுகளாக, அந்தந்த ஆலையின் வரைபடத்தை வைத்தே இருக்கட்டும். வேறு ஏதோ ஆலையின் படம் வேண்டாம். வீடியோ முடிந்ததும் வினாத்தாளுக்குப் பதிலாக எட்டுப் பேருக்கு மிகாத ஒரு நேரலை அமர்வு, ஒன்றரை மணி நேரம். நான்கைந்து நிமிடத்துக்கு ஒரு புதுச் செய்தியைப் பயிற்றுநர் போடுவார்: காற்று திரும்பிவிட்டது, வாக்கி டாக்கி பேட்டரி இறங்கிவிட்டது, ஒரு டோக்கன் குறைகிறது, ஊர்க்காரர்கள் கேட்டில் கூடிவிட்டார்கள். சூப்பர்வைசர் வாய்விட்டுக் கட்டளை சொல்ல வேண்டும், அந்தப் பதிவைத் திரும்பப் போட்டுக் கேட்க வேண்டும். பிறகு முப்பது நாளுக்குள் தளத்தில் ஒரு சுற்று. சைரன் பொத்தான் ஒவ்வொன்றையும், தனிமைப்படுத்தும் வால்வு ஒவ்வொன்றையும் கையால் தொட்டுக் காட்ட வேண்டும். அவற்றில் துருப்பிடித்துத் திரும்பாதவை எத்தனை என்பதும் அன்றே தெரிந்துவிடும். இவை மூன்றும் முடிந்த பிறகு சான்றிதழ் தந்தால் போதும். இரண்டு ஒத்திகைகளில் ஒன்றாவது இரவு ஷிப்டில், நேரம் சொல்லாமல், மேலாளர் இல்லாதபோது நடக்க வேண்டும்.

வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே தொடங்கினால் நல்லது. டேங்கைச் சுற்றியுள்ள தடுப்புச் சுவர்த் தொட்டிகள் மழைநீரால் நிரம்பி நிற்கும் அந்த மாதங்களில், கசிவதைப் பிடிக்க இடமே இருக்காது. அவற்றின் வடிகால் வால்வைத் திறப்பதா, பரிசோதிக்காமல் திறந்தால் எது உப்பனாற்றில் போய்ச் சேரும் என்று நள்ளிரவில் தீர்மானிக்கப்போவதும் அதே ஷிப்ட் சூப்பர்வைசர்தான்.

இப்படிக்கு,
தொழிலகப் பாதுகாப்புப் பணியில் உள்ள வாசகர்கள்,
கடலூர் முதுநகர்.