எட்டாம் மாதத்திலேயே சொல்லிவிடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற மாத இதழில், பிரசவ வலியைக் குறைக்க முதுகில் மருந்து செலுத்தும் எபிடூரல் பற்றி 'வலியில்லாப் பிரசவம்' என்ற தலைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். இந்த மாதம் அதற்கு வந்த கடிதங்களையும் படித்தேன். கட்டுரை ஒரேயடியாகப் புகழ்கிறது. கடிதம் எழுதிய ஒருவரோ, "முதுகில் ஊசி போட்டுக்கொண்டால் ஆயுளுக்கும் முதுகு வலிதான்" என்கிறார். நான் முதல் குழந்தையை எபிடூரல் இல்லாமலும் இரண்டாவது குழந்தையை எபிடூரலோடும் பெற்றவள். அந்தப் புகழ்ச்சி, இந்தப் பயமுறுத்தல் இரண்டுமே கர்ப்பிணிகளுக்கு உதவாத பேச்சு என்று எனக்குப் படுகிறது.

முதலில் அந்தத் தலைப்பு. வலி அடியோடு போய்விடும் என்று யாராலும் உத்தரவாதம் தர முடியாது. மருந்து நன்றாகப் பிடிக்கவே பதினைந்து, இருபது நிமிடம் ஆகும். சிலருக்கு ஒரு பக்கம் மரத்துப்போய் மறுபக்கம் அப்படியே வலிக்கும். எனக்கு இடது பக்கம் அடங்கிவிட்டது. வலது தொடை இடுக்கில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு வலி நின்றது. மயக்க மருந்து மருத்துவர் குழாயைக் கொஞ்சம் வெளியே இழுத்து, என்னை வலப்பக்கம் சாய்த்துப் படுக்கவைத்து, இன்னும் கொஞ்சம் மருந்து கொடுத்தார். அப்புறம்தான் சரியானது. அதன் பிறகு வயிறு கல்லாக இறுகுவதைக் கை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். இரண்டு மணி நேரம் தூங்கினேன். முதல் பிரசவத்தில் முக்க வேண்டிய நேரம் வந்தபோது எனக்கு உடம்பில் தெம்பே இல்லை. இந்த முறை இருந்தது. அதற்காகவே இன்னொரு முறை வாய்த்தாலும் எபிடூரல்தான் கேட்பேன்.

முதுகு வலிக்கு வருகிறேன். பலரும் ஊசி முதுகிலேயே இருக்கும் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். ஊசியை எடுத்துவிடுவார்கள். உள்ளே இருப்பது நூல் போன்ற மெல்லிய குழாய் மட்டுமே. தண்டுவடம் இடுப்புக்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி போகும் இடம் அதற்குக் கீழே, நரம்புகளை மூடியிருக்கும் உறைக்கு வெளியே. குத்திய இடம் சில நாள் வலிக்கும், உண்மைதான். ஆனால் எபிடூரல் போட்டுக்கொண்டவர்களையும் போடாதவர்களையும் ஒப்பிட்ட ஆய்வுகளில், நாள்பட்ட முதுகு வலியில் வேறுபாடு தெரியவில்லை. பிள்ளை பெற்ற முதுகு எப்படியும் வலிக்கத்தான் செய்கிறது.

"எபிடூரல் போட்டால் சிசேரியனில்தான் முடியும்" என்பதும் அப்படித்தான். மருத்துவ ஆய்வுகளை அலசும் காக்ரேன் என்ற சர்வதேச அமைப்பு பல ஆய்வுகளைத் தொகுத்து 2018-இல் வெளியிட்ட மதிப்பாய்வு, சிசேரியன் கூடவில்லை என்கிறது. ஆயுதம் போட்டு எடுப்பது முன்பு கூடுதலாக இருந்தது. அப்போது கொடுத்த மருந்தின் வீரியம் அதிகம். வீரியம் குறைத்துக் கொடுக்கும் 2005-க்குப் பிந்தைய ஆய்வுகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் முக்க வேண்டும் என்ற உந்துதல் மழுங்குவதால் கடைசிக் கட்டம் நீளலாம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது என் ஆதங்கத்துக்கு வருகிறேன். பிரசவமான மறுநாள், பால் கொடுக்க எழுந்து உட்கார்ந்தேன். பிடரியிலிருந்து நெற்றிவரை யாரோ கயிற்றால் இழுத்துக் கட்டியது போல ஒரு வலி. காதும் அடைத்துக்கொண்டது. படுத்தால் சில நிமிடத்தில் போய்விடும், உட்கார்ந்தால் திரும்பி வரும். சொன்னேன். தூக்கம் போதவில்லை என்றார்கள். நான்கு நாள் படுத்தபடியே பால் கொடுத்தேன். ஐந்தாம் நாள் வேறொரு மருத்துவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "படுத்தால் போய்விடுகிறதா?" அவருக்கு அதுவே போதுமானதாக இருந்தது. ஊசி உறையைத் தாண்டிப் போய், உள்ளே இருக்கும் நீர் கசிந்திருக்கிறது. என் கையிலிருந்தே சுமார் 20 மில்லி ரத்தத்தை எடுத்து, முதுகில் அதே இடத்தில் செலுத்தினார். கசிவை அந்த ரத்தம் அடைத்துவிடும். ஒரு மணி நேரத்தில் உட்கார்ந்து பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டேன்.

உறையில் இப்படித் தவறிக் குத்துவது ஏறத்தாழ நூறு பேரில் ஒருவருக்கு நடக்கும் என்கிறார்கள். திறமையான கைக்கும் நடக்கும், அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் இந்தத் தலைவலி புதிதில்லையே! முதுகில் மருந்து செலுத்தும் முறையை 1898-இல் சோதித்த ஜெர்மானிய மருத்துவர் ஆகஸ்ட் பீர், தன் முதுகிலேயே குத்தச் சொல்லி, இதே தலைவலியோடு நாள் கணக்கில் கிடந்து, படுத்தால் அடங்குகிறது என்று எழுதியும் வைத்துவிட்டார். நூறு வருடத்துக்கு மேலாகத் தெரிந்த ஒன்றை எனக்கு ஏன் சொல்லவில்லை? கவனிக்காமல் விட்டால் அபூர்வமாகத் தலைக்குள் ரத்தக்கசிவுவரை போகும் என்பதைப் பிறகு தெரிந்துகொண்டபோது எனக்குக் கை நடுங்கியது.

சொல்லவில்லை என்றா சொன்னேன்? தாளில் இருந்தது. ஒரு வலிக்கும் அடுத்த வலிக்கும் இடையில் நீட்டினார்கள். ஒரு வரிகூடப் படிக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தத் தாளை அப்புறம் பார்த்தேன், என் கையெழுத்து மாதிரியே இல்லை. அந்த நிலையில் எந்தப் பெண்ணும் எதிலும் கையெழுத்துப் போடுவாள். அதைச் சம்மதம் என்று எப்படி எடுத்துக்கொள்வது?

எட்டாம் மாதப் பரிசோதனையில் அரை மணி நேரம் ஒதுக்கி மயக்க மருந்து மருத்துவரைப் பார்க்கச் சொல்லலாம். எபிடூரலால் என்னென்ன வரலாம் என்று அவர் அங்கே சொல்லட்டும். ரத்த அழுத்தம் இறங்கலாம், அதனால் குழந்தையின் இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே இருப்பார்கள். அரிப்பும் நடுக்கமும் வரலாம். சிறுநீருக்குக் குழாய் வைக்க நேரலாம். நரம்புக்குப் பாதிப்பு, உள்ளே ரத்தக்கட்டு, சீழ் ஆகியவை மிக மிக அரிது. தெளிந்த மனதோடு கேட்டால் இதெல்லாம் யாரையும் ஓட வைக்காது. அவசரமாகச் சிசேரியன் தேவைப்பட்டால் அதே குழாயில் வீரியமான மருந்தைச் செலுத்தி, முழு மயக்கம் இல்லாமலே பெரும்பாலும் சமாளிக்கலாம் என்பதும் அங்கேதான் தெரியவரும். முக்கியமாக, ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டுக்கொள்பவர்களுக்கு, கடைசி ஊசிக்கும் எபிடூரலுக்கும் இடையே இத்தனை மணி நேரம் கழிய வேண்டும் என்ற கணக்கு இருக்கிறது. ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் மிகவும் குறைந்தவர்களுக்குப் போடவே முடியாமல் போகலாம். இதையெல்லாம் பிரசவ அறையில் வைத்தா முதல் முறையாகக் கேட்டறிவது?

ஆசிரியர் அவர்களே, இந்தக் கடிதத்தைச் சுருக்கினாலும் பரவாயில்லை. ஆனால் ஒரு வரியை மட்டும் கட்டம் கட்டிப் போடுங்கள். எபிடூரல் போட்டுக்கொண்ட பிறகு, உட்கார்ந்தால் தலை வலித்து, படுத்தால் அடங்கினால், தூக்கம் போதவில்லை என்று இருந்துவிடாமல் அன்றைக்கே மயக்க மருந்து மருத்துவரைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
இரண்டு குழந்தைகளின் தாயான ஒரு வாசகி