நீ அனுப்பிய ஏழு ஆர்ச் படங்கள்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கல்யாணச் சடங்கின்போது நீங்கள் இருவரும் நிற்பதற்காக வைக்கும் அலங்கார வளைவுக்கு, அதுதான் அந்த ஆர்ச்சுக்கு, நீ அனுப்பிய ஏழு படங்களையும் பார்த்தேன். "எதுன்னு ஒண்ணு சொல்லுக்கா" என்று கேட்டிருந்தாய். இரண்டு நாளாகப் பதில் போடாமல் இருந்ததற்குக் காரணம் உண்டு. ஏழுமே அழகுதான். ஆனால் நீங்கள் இருவரும் நிற்கப்போகிற இடத்தைப் பார்க்காமல் ஒன்றைக் கைகாட்ட எனக்கு மனம் வரவில்லை.

முதலில் அந்த இடத்துக்குப் போ. எந்த நேரத்தில் கல்யாணமோ அதே நேரத்துக்குப் போ. கடைசி வரிசை எங்கே வருமோ அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார். உன் மூன்றாவது படத்தில் வெறும் நான்கு மரக்கட்டைகள்தான் நிற்கின்றன. பின்னால் தண்ணீரும் வானமும் இருப்பதால் அது போதும். அதையே ஒரு வெற்றுச் சுவர் முன்னால் வைத்தால் கதவைக் கழற்றிய வாசல் நிலைச்சட்டம் மாதிரி இருக்கும். சுவர் என்றால் பூவும் துணியும் நிறைய வேண்டும். பின்னால் அடர்ந்த மரங்கள் என்றால் கரும்பச்சை இலைகள் அதில் கரைந்துவிடும். வெளிர் நிறப் பூக்கள்தான் எடுபடும்.

வெயில் எந்தப் பக்கம் விழுகிறது என்றும் கவனி. சூரியன் நேர் பின்னால் தாழ இருந்தால் படத்தில் உங்கள் முகம் இருட்டாகிவிடும். நேர் எதிரே இருந்தால் இருவரும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பீர்கள். இன்னும் மூன்று மாதம் இருக்கிறது, அதற்குள் சூரியனின் பாதை நகரும், அதனால் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் இன்னொரு முறை பார்த்துவிடு.

உனக்கு அந்த வட்ட ஆர்ச் மேல் ஆசை என்று தெரிகிறது. நேரே பார்ப்பவர்களுக்கு அது நிலா மாதிரி இருக்கும். ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்களுக்கோ ஒடுங்கிப்போன வளையமாகத்தான் தெரியும். தவிர, அதற்குள் நிற்க முடியாது, முன்னால்தான் நிற்க வேண்டும். நாற்காலிகளை மூன்று பக்கமும் போடுவதாகச் சொன்னாயே, அதற்கு நான்கு கால் வைத்த சதுர ஆர்ச்தான் சரி. எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதற்கு ஓர் ஆழம் இருக்கும்.

அளவைக் கண்ணால் முடிவு செய்யாதே. மாப்பிள்ளை 6 அடி. மேலே கட்டும் பூ அரை அடியிலிருந்து 1 அடி வரை கீழே தொங்கும். அதனால் உள் உயரம் 8 அடிக்குக் குறையவே கூடாது. அகலம் 6 அடியாவது வேண்டும். நீங்கள் இருவரும் எதிரெதிரே நின்றால், சடங்கை நடத்தி வைப்பவரும் இடிக்காமல் நிற்க வேண்டுமே. வீட்டுத் தரையில் நூல் கட்டி, அதற்குள் மூன்று பேர் நின்று பாருங்கள்.

அப்புறம் காற்று. இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன் என்றே சொல்லலாம். என் கல்யாணப் படங்களில் இடது ஓரத்தில் ஒரு கை தெரியும், பார்த்திருப்பாய். அது நம் சித்தப்பா மகனின் கை. சடங்கு முடியும் வரை அவன் ஆர்ச்சின் ஒரு காலைப் பிடித்த பிடியை விடவே இல்லை. ஆர்ச்சில் பெரிய துணியைக் கட்டியிருந்தோம். ஒரு காற்று அடித்ததும் அது பாய்மரம் போல உப்பி, ஆர்ச் எங்கள் பக்கம் சாய்ந்தது. யாருக்கும் அடிபடவில்லை. ஆனால் அந்த அரைமணி நேரம் என் மனம் சடங்கில் இல்லை, தலைக்கு மேல்தான் இருந்தது. உனக்கு அப்படி நடக்கவே கூடாது.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். காலையில் லேசாக ஆடுகிறது, பரவாயில்லை என்று விட்டால் மாலையில் விழும். மண் தரை என்றால் கால்களைக் குழி தோண்டி இறக்கலாம், இல்லை முளை அடித்துக் கட்டலாம். சிமெண்ட் தரை என்றால் ஒவ்வொரு காலுக்கும் 20 கிலோ மணல் மூட்டை வை, மேலே துணி சுற்றி மறைத்துவிடலாம். துணி வேண்டுமென்றால் சிஃபான் போல மெல்லியதாக எடு. மேலே மட்டும் கட்டாமல் கால்களோடும் சேர்த்துக் கட்டச் சொல். கட்டி முடித்ததும் யாரையாவது மேல் கட்டையைப் பிடித்து ஆட்டிப் பார்க்கச் சொல். ஆர்ச் கட்ட வந்தவர்கள் முன்னால் இதைச் சொல்லத் தயங்காதே.

பூவை எல்லா இடத்திலும் சமமாக வைக்க வேண்டியதில்லை. முன்வரிசைத் தலைகள் மறைப்பதால் ஆர்ச்சின் கீழ்ப்பகுதி பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாது. கிட்டத்தில் எடுக்கும் படங்களிலும் இடுப்புக்கு மேல்தான் வரும். ஆகவே நல்ல பூக்களையெல்லாம் தோளுக்கு மேலே கொண்டுபோ. ஒரு மேல் மூலையில் அடர்த்தியாகத் தொடங்கி, அந்தப் பக்கத்துக் காலில் மெலிந்து இறங்கி, எதிர் மூலையில் கொஞ்சமாக முடிந்தால் எனக்குப் பிடிக்கும். பின்பக்கத்தையும் மறக்காதே. உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கூட்டத்தைப் படம் எடுப்பார்கள், அப்போது கம்பியும், இறுக்கிக் கட்டும் பிளாஸ்டிக் கேபிள் டையும் அப்படியே தெரியும்.

ஹைட்ரேஞ்சியா என்ற கொத்துப் பூ வேண்டாம் என்றுதான் சொல்வேன். தண்ணீர் இல்லாமல் வெயிலில் சீக்கிரம் தொங்கிவிடும். கார்னேஷன், சாமந்தி, ஆர்கிட் எல்லாம் தாங்கும். லில்லி வைத்தால் உள்ளே இருக்கும் மகரந்தப் பைகளைக் கிள்ளிவிட வேண்டும். அந்தப் பொடி உடையில் பட்டால் கறை எளிதில் போகாது. எந்தப் பூவானாலும் காம்பைச் சாய்வாக வெட்டி, முதல் நாள் இரவு முழுக்கத் தண்ணீரில் நிற்க வைத்தால் மறுநாள் நிமிர்ந்து நிற்கும்.

பூ செருகப் பச்சை நிறத்தில் ஃபோம் கட்டி கொண்டுவருவார்கள். அது பிளாஸ்டிக், மண்ணில் மக்காது, பொடிப்பொடியாக உதிரும். தண்ணீர் குடித்தால் ஒரு கட்டியே ஏறக்குறைய 2 கிலோ வரும், அத்தனை கனமும் உங்கள் தலைக்கு மேல். கோழிக் கூண்டுக்குப் போடும் கம்பிவலையைச் சுருட்டிக் கட்டி, காம்புகளின் நுனியில் சிறு தண்ணீர்க் குழாய்களை மாட்டினால் போதும். மெனக்கெடும் வேலைதான். இரண்டு பேருக்கு மூன்று மணி நேரம் ஆகலாம், அந்த இரண்டு பேரில் ஒருத்தி நான்.

விளக்கு வேண்டும் என்றால், கல்யாணம் மாலை நேரத்தில் இருந்தால் மட்டும். மஞ்சள் ஒளி எல்இடி போதும். துணிக்குப் பக்கத்தில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம்.

சனிக்கிழமை அந்த இடத்தைப் பார்க்கப் போகும்போது அளவு டேப்பை எடுத்துப் போ. உள்ளே வரும் வாசலின் உயரத்தையும் அளந்து அனுப்பு. 8 அடி ஆர்ச் அதில் நுழையாவிட்டால் கழற்றி மாட்டுகிற மாதிரி செய்யச் சொல்ல வேண்டும். கடைசி வரிசையிலிருந்து ஒரு படம் எடுத்து அனுப்பு. அதைப் பார்த்த பிறகு ஏழில் எது என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அக்கா