நம்ம வர்க்கத்து ஆள் ஒருவர்

அன்புள்ள சுந்தரம்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில். திட்டிக்கொள். இங்கே எல்லோரும் சுகம். மூட்டுவலி மட்டும் அவளுக்கும் எனக்கும் முறை வைத்து வருகிறது.

டாமி ஃப்ளவர்ஸ் பற்றி உனக்குச் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. நம்மைப் போல, எக்ஸ்சேஞ்சில் லைன் இணைக்கும் ரிலே, செலக்டரோடு மாரடித்த டெலிபோன்காரர். 1905இல் கிழக்கு லண்டனில் கொத்தனார் மகனாகப் பிறந்து, அப்ரண்டிஸாக இருந்தபடியே ராத்திரி வகுப்பில் இன்ஜினியரிங் படித்து, தபால் இலாகாவின் டாலிஸ் ஹில் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்து சேர்ந்தவர்.

இரண்டாம் உலகப் போர் நேரத்தில் ஜெர்மன் தளபதிகள் லோரென்ஸ் என்ற சங்கேதக் கருவியால் மறைத்து அனுப்பிய டெலிபிரிண்டர் செய்திகளை, இங்கிலாந்தின் ரகசிய நிலையமான பிளெட்ச்லி பார்க்கில் உடைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்த இயந்திரத்தில் இரண்டு காகித நாடாக்கள் இம்மி பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும். வேகம் கூட்டினால் ஒத்துப்போகாது, நாடாவும் கிழியும். இவர் சொன்னார்: ஒரு நாடா போதும், இன்னொன்றின் வேலையை வால்வுகளே (பழைய ரேடியோவில் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய்கள்) செய்யட்டும். ஆயிரத்துக்கு மேல் வால்வா, நிமிஷத்துக்கு ஒன்று போகுமே என்று அங்கே பலர் நம்பவில்லை. மனிதருக்கு எக்ஸ்சேஞ்ச் அனுபவம். வால்வு போவது பெரும்பாலும் போட்டு அணைக்கும்போதுதான், எரியவிட்டால் அது பாட்டுக்கு ஓடும் என்று தெரியும். "எவன்டா சுவிட்சில கை வைச்சது?" என்று நம்ம பெரியவர் கத்துவாரே, அந்தக் குரல்தான் காதில் கேட்டது எனக்கு!

கைக்காசும் போட்டுக் கட்டினார். 1944 ஜனவரியில் கொலோசஸ் என்ற அந்த இயந்திரம், இன்றைய கம்ப்யூட்டருக்கு முன்னோடி, பிளெட்ச்லிக்கு வந்தது. சுமார் 1,600 வால்வுகள், நொடிக்கு 5,000 எழுத்து. 2,400 வால்வுகளோடு அடுத்தது ஜூன் 1 அன்று ஓட ஆரம்பித்தது. ஐந்தாம் நாள் நேச நாட்டுப் படைகள் பிரான்சின் நார்மண்டியில் இறங்கின.

அப்புறம் நடந்ததுதான் வயிற்றெரிச்சல். ஆயிரம் பவுண்டு கொடுத்தார்கள். போட்ட காசுக்கே காணாது, அதையும் கூட வேலை செய்தவர்களுக்குப் பங்கு போட்டார். வரைபடங்களையெல்லாம் உத்தரவுப்படி தானே உலையில் போட்டு எரித்தார். இதே மாதிரி இயந்திரம் கட்ட பாங்கில் கடன் கேட்டால், இதெல்லாம் ஓடாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஓட்டிக் காட்டியாச்சு ஐயா என்று வாய் திறக்க முடியாது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சையே எலக்ட்ரானிக்கில் கட்டலாம் என்றபோது சொந்த இலாகாவிலும் அதே கதை. போர் முடியும்வரை ரகசியம், சரி. அதற்குப் பிறகும் இத்தனை வருஷமா? தோற்றவன் வாயடைத்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம் சுந்தரம். ஜெயித்தவனை, தான் செய்ததைத் தானே சொல்ல முடியாமல் 1970கள் வரை நிறுத்தி வைத்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

இன்னொன்று கேள். 1993இல், 87 வயதில், ஹெண்டன் கல்லூரியில் கம்ப்யூட்டர் அடிப்படைப் பயிற்சியில் சேர்ந்து சர்டிஃபிகேட் வாங்கியிருக்கிறார். அவர்! நீ என்னடா என்றால் வாட்ஸ்அப்புக்கே பேத்தியைத் தேடுகிறாய்.

முத்துசாமியின் பென்ஷன் அரியர்ஸ் வந்ததா? அந்த ஆபீஸில் இன்னும் ஃபைல் தேடுகிறார்களாமே. விவரம் எழுது.

உன்,
கோபாலன்