மாப்ளைக்கு, அண்ணன் விஷயமா

மாப்ள,

போன்ல சொன்னா "சரிடா, பாத்துக்கோ"ன்னு வச்சிருவ. அதான் எழுதுறேன். பெரியண்ணனுக்கு விப்பிள் ஆபரேஷன் முடிஞ்சிருச்சு. மஞ்சக்காமாலைன்னு ஆளாளுக்குக் கீழாநெல்லி அரைச்சுக் குடுத்தாங்கல்ல, அது பித்தநாளத்தோட அடிமுனையில கட்டி. கணையத்தோட தலை, முன்சிறுகுடல், பித்தப்பை, இரைப்பையில கொஞ்சம், எல்லாத்தையும் எடுத்துட்டு, சிறுகுடலை மேல இழுத்து மூணு இடத்துல தச்சிருக்காங்க.

பித்தநாளத் தையல், இரைப்பைத் தையல் ரெண்டையும் டாக்டர் பெருசா அலட்டிக்கல. கணையத் தையல்தான் பயமாம். கூத்தைக் கேளு: அண்ணன் கணையம் நல்லா இருந்ததுதான் வினை! கட்டி கணையக் குழாயை நாள்பட அடைச்சிருந்தா, கணையம் இறுகி, குழாயும் விரிஞ்சிருக்கும், தையல் நிக்கும். இவருக்கு அங்கிட்டு அடைப்பே இல்ல. வெண்ணெயில நூல் கோக்குற மாதிரி இருந்துச்சுன்னாரு. குழாய் 3 மில்லிமீட்டர்கூட இல்ல. அதுக்குள்ள பொடி டியூப் வச்சு, அந்த வாயைக் குடலோட உள்சவ்வுல சேத்துத் தச்சிருக்காங்க. இந்த ஆபரேஷனுக்குப் பேர் குடுத்த டாக்டர் விப்பிள் 1935-ல எழுதின ஆபரேஷன்கள்ல கணையத்தைக் குடலோட சேக்கவே இல்லையாம், வெட்டுன முனையை மூடிட்டாராம். அந்தாளு பயந்ததுல நியாயம் இருக்குடா. சோத்தைச் செரிக்கிற நீர் வெளிய கசிஞ்சா நம்ம சதையையே செரிக்கும்ல.

மூணாம் நாள், வயித்துல வச்சிருக்க ட்ரெயின் குழாய்ல வடியுற தண்ணியில அமைலேஸ், அதான் கணைய நீர்ல இருக்குற செரிமானப் பொருள், எவ்வளவுன்னு பாத்தாங்க. ரத்தத்துல இருக்க வேண்டிய உச்ச அளவைப்போல மூணு மடங்கைத் தாண்டினா கசிவு. தாண்டிருச்சு. மதினி அழுதுட்டாங்க. ஆனா காய்ச்சல் இல்ல, தண்ணியும் தெளிவா இருக்கு. இப்படித் தொந்தரவு பண்ணாத கசிவை ஃபிஸ்துலா, அதாவது சிக்கலான கசிவு, அந்தக் கணக்குல சேக்க வேண்டாம்னு 2016-ல விதியை மாத்திட்டாங்களாம். ட்ரெயின் மூணு வாரத்துக்கு மேல இருந்தாலோ, சீழ், ரத்தம்னு வேற சிக்கல் வந்தாலோதான் 'பி' கிரேடு ஃபிஸ்துலாவாம். மதினிக்கு கிரேடாவது ஒண்ணாவது! ராத்திரி டார்ச் அடிச்சு, ட்ரெயின் பை செவக்குதான்னு பாக்குறாங்க. பாக்கணும்தான். கசியுற நீர் பக்கத்துல முடிச்சுப் போட்டு விட்ட ரத்தக்குழாயை அரிச்சா, மொதல்ல துளி ரத்தந்தான் வருமாம். பழைய ரத்தம்னு விட்றாதீங்க, நடுராத்திரின்னாலும் எழுப்புங்கன்னு டாக்டர் சொல்லிருக்காரு.

இதுல இரைப்பை வேற அசைய மாட்டேங்குது. மூக்குக் குழாயை எடுத்துட்டுத் திரும்பப் போட்டாங்க. அண்ணன் அதோட ஜிகர்தண்டா கேக்குறாரு. திருந்தவா போறாரு?

நீ வந்தா மாட்டுத்தாவணியில இறங்கி போன் போடு. சுந்தரத்தைக் கூட்டிட்டு வராத. யார் யாருக்கு இதே ஆபரேஷன்ல என்னாச்சுன்னு மதினி முன்னாடியே ஆரம்பிச்சிருவான். பயாப்ஸி ரிப்போர்ட் இன்னும் வரல. வந்ததும் அனுப்புறேன், உன் மகட்ட காட்டிட்டு அது சொல்றதை அப்படியே சொல்லு, மெழுகாத.

உன்,
ராசு