இருக்கம் தீவுச் சங்கத்தின் ஆண்டறிக்கை, 2024–25: ஏரி நீரின் டிஎன்ஏ கண்காணிப்பு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, ஊர்ப் பெரியவர்களே, தலைக்கட்டுகளின் சார்பில் வந்திருக்கும் சகோதர சகோதரிகளே,

பழவேற்காடு ஏரியில் நம் தீவைச் சுற்றியுள்ள நீரில் என்னென்ன உயிர்கள் இருக்கின்றன என்பதை அந்த நீரைக் கொண்டே அறியும் பணியை, சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி நம் சங்கம் இவ்வாண்டு நடத்தியது. சந்தா, உறுப்பினர் சேர்க்கை, கட்டடப் பழுது ஆகியவை பொருளாளரின் கணக்கறிக்கையில் வருவதால், இப்பணியைப் பற்றி மட்டும் விரிவாகச் சொல்ல அனுமதி கோருகிறேன்.

மீனோ நண்டோ ஆமையோ, நீரில் வாழும் எந்த உயிரும் சளி, செதில், கழிவு, முட்டை ஆகியவற்றின் வழியே தன் டிஎன்ஏ என்ற மரபுப் பொருளை நீரில் விட்டுக்கொண்டே இருக்கிறது. ஒன்றிரண்டு லிட்டர் நீரை மிக நுண்ணிய வடிதாளில் வடித்து, தாளில் தங்கியதை ஆய்வகத்தில் பிரித்துப் படித்தால், அது எந்த இனத்துக்குரியது என்று ஏற்கெனவே பதிவாகியுள்ள டிஎன்ஏ வரிசைகளோடு ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம். 2008இல் பிரான்சில், குளங்களுக்குள் புகுந்துவிட்ட அமெரிக்கப் பெருந்தவளையை இம்முறையில் கண்டறிந்தார்கள். 2015இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் மீன்களுக்கென்றே ‘மைஃபிஷ்’ என்ற சோதனை முறையை வெளியிட்டார்கள். யுனெஸ்கோ 19 நாடுகளில் உள்ள 21 உலகப் பாரம்பரியக் கடற்பகுதிகளில், பள்ளிப் பிள்ளைகள் உட்பட அந்தந்த ஊர் மக்களையே நீர் எடுக்க வைத்தது. ‘நம்மால் ஆகுமா’ என்று சென்ற கூட்டத்தில் எழுந்த கேள்விக்கு, இந்தக் கடைசிச் செய்தியே போதிய விடை என்று நிர்வாகக் குழு கருதியது.

நீர் எடுப்பது எளிது. சுத்தமாக எடுப்பதுதான் கடினம் என்பதை முதல் சுற்றிலேயே கண்டுகொண்டோம். மீன்பிடிப் படகின் பலகை இடுக்கில் பழைய மீனின் சளி காய்ந்து கிடக்கும். வலை தொட்ட கை, குடுவையின் வாயைத் தொட்டால் அந்த மாதிரி கெட்டது. ஆகவே முந்தின நாளே படகைப் பிளீச்சிங் கரைசலால் கழுவி, எஞ்சினை நிறுத்தி, படகின் முன்மூக்கிலிருந்து நீரோட்டத்தை எதிர்நோக்கிக் குடுவையை இறக்க வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் புதுக் கையுறை வேண்டும். அன்று காலை மீனையோ வலையையோ தொடாதவர் யார் என்று தேடியபோது ஆண்களில் ஆள் கிடைக்கவில்லை. மகளிர் குழுச் சகோதரிகள் அன்றைக்கு மட்டும் மீனை அரிந்து சுத்தம் செய்வதைத் தள்ளிவைத்துவிட்டு இந்த வேலையை ஏற்றார்கள். இன்று பதிவேடும் பொருள் பெட்டியும் முழுக்க அவர்கள் பொறுப்பில் உள்ளன. ஒவ்வொரு முறையும் காய்ச்சி வடித்த நீர்க் குடுவை ஒன்றைப் படகிலேயே திறந்து, ஏரி நீரைப் போலவே வடித்து அனுப்புகிறோம். அதில் மீனின் டிஎன்ஏ தெரிந்தால் குறை ஏரியில் இல்லை, நம் கையில்தான் என்று பொருள். இந்த வெறும் நீருக்கு எதற்குச் செலவு என்று கேட்ட உறுப்பினர்களுக்கு இதுவே பதில்.

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு வடக்கே கரையைக் கடந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தின் மழைக்குப் பிறகு ஏரி நீர் கலங்கியதால், வடிதாள் சில நிமிடங்களிலேயே அடைத்துக்கொண்டது. குறைந்த நீரைப் பல தாள்களில் வடித்துச் சமாளித்தோம். அதைவிடப் பெரிய இடைஞ்சல் பனிக்கட்டி. பார்சல் நிறுவனம் ஒன்று நம் பெட்டியை விடுமுறை நாளில் கிடங்கிலேயே போட்டுவிட, ஐஸ் உருகி அந்தச் சுற்று முழுவதும் வீணாயிற்று. சூட்டில் டிஎன்ஏ விரைவில் சிதைந்துவிடும். இப்போது ஐஸ் தேவைப்படாத பாதுகாப்புக் கரைசலில் தாளை இட்டு, நம் ஆட்களில் ஒருவரே கையோடு கொண்டுபோய்ச் சேர்க்கிறார். பேருந்துக் கட்டணம் கூடினாலும் இதை மாற்ற வேண்டாம் என்பது என் கருத்து.

ஆய்வகம் அனுப்பிய முதல் பட்டியலைச் சங்கத் திண்ணையில் வாசித்தபோது கூட்டம் சிரித்தது. மடவை இருந்தது, கொடுவா இருந்தது, கிழங்கான் இருந்தது. ஆனால் இறால் என்ற பேச்சே இல்லை. இறாலையும் நண்டையும் நம்பிப் பிழைக்கும் ஊருக்கு, ஏரியில் இறால் இல்லாத பட்டியல் வந்தால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்! நாம் செய்வித்த மைஃபிஷ் சோதனை மீனையும், சில வேளை கோழி போன்ற முதுகெலும்புள்ள பிற உயிர்களையும்தான் காட்டும். இறாலுக்கும் சிப்பிக்கும் வேறு சோதனை வேண்டும் என்பதை ஆய்வகத்தார் அதன்பின் விளக்கினார்கள். அதே பட்டியலில் படகுத்துறைக்கு அருகே எடுத்த நீரில் சூரை மீனும் கோழியும் வந்திருந்தன. சூரை ஆழ்கடல் மீன், இடுப்பளவு நீருள்ள இந்த ஏரிக்குள் அது வராது, வியாபாரிகள் பெட்டி கழுவிய தண்ணீராக இருக்கும் என்று பெரியவர் ஒருவர் அங்கேயே சொன்னார். கோழிக்கும் அதுவே விளக்கம். இதன்பின், ஆய்வகத்திலிருந்து வரும் எந்தப் பட்டியலும் முதலில் ஊர்க் கூட்டத்தில் வாசிக்கப்பட்டு, பெரியவர்களின் குறிப்போடுதான் வெளியே போக வேண்டும் என்று முடிவு செய்தோம். எந்த இனம் இருக்கிறது என்று நீர் சொல்லுமே தவிர, எத்தனை இருக்கிறது, குஞ்சா பெரியதா, உயிரோடு இருக்கிறதா என்று சொல்லாது. முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் ஏற்றநீர் வேறெங்கோ இருப்பதன் தடயத்தையும் இங்கே கொண்டுவந்து போடும்.

இவ்வாண்டின் செலவுக்கு நியாயம் செய்தது காக்கா ஆழிச் சோதனை என்பேன். தென், மத்திய அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த இந்தச் சிப்பி, கப்பல்கள் எடைக்காக ஏற்றி இறக்கும் நீரோடும் கப்பலின் அடிப்பாகத்தில் ஒட்டியும் பரவக்கூடியது. கேரளத்தில் கொச்சிக் காயலிலும் இது பெருகியுள்ளது. எண்ணூர், பழவேற்காடு பக்கம் இது தரையில் பாய் விரித்தாற்போல் படர்ந்து, இறால் மேயும் இடத்தையே மூடிவிடுவதைத் தொழிலாளர்கள் நேரில் கண்டிருக்கிறார்கள். கண்ணுக்குத் தெரியும் அளவுக்குப் படர்ந்தபின் அதை அகற்றுவது பெரும்பாடு. நம் தீவின் தென்புறத்தில், நீரில் நட்ட கழிகளில் ஒரு சிப்பியும் ஒட்டாத ஓரிடத்து நீரில் அதன் தடயம் தெரிந்தது. ஒரே இடத்தில் எடுத்த குடுவைகளில் ஒன்றில் மட்டுமே தெரிந்ததால், இதை உறுதி என்று கொள்ளாமல், கோடையில் மறுபடி நீர் எடுப்பதோடு கழிகளையும் மாதந்தோறும் பார்த்துவருமாறு அப்பகுதித் தலைக்கட்டுகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி, இவ்வாண்டு சங்கத்தில் அதிகம் பேசப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன். எந்தப் பாட்டில், அதாவது முறை வைத்து வலையிறக்கும் எந்த இடத்தில், எந்த மீன் என்பது இடத்தோடு வெளியானால், வெளியாட்கள் அங்கே வலையிறக்குவார்கள் என்று ஒரு சாராரும், ஏரி பறவைச் சரணாலயமாக இருப்பதால் அதைக் காட்டியே தொழிலுக்குத் தடை வரும் என்று இன்னொரு சாராரும் அஞ்சினார்கள். இந்த அச்சம் நியாயமானது. ஆனால் எல்லாவற்றையும் பூட்டி வைத்தால், ஏரியின் தென்பகுதியும் பழவேற்காட்டு முகத்துவாரமும் தமிழ்நாட்டில் இருக்க நாமோ ஆந்திரத்தில் இருக்கும்போது, காக்கா ஆழியைப் பற்றி அக்கரை ஊர்களை எச்சரிக்க முடியாமல் போகும். ஆகவே, இனங்களின் பொதுப் பட்டியலும் அயல் இனங்கள் தென்பட்ட இடங்களும் இரு கரைக்கும் தமிழிலும் தெலுங்கிலும் உடனே அறிவிக்கப்படும். பாடு வாரியான விவரம் சங்கப் பெட்டியில் இருக்கும். அதைக் கேட்பவர் ஊர்க் கூட்டத்தில் எழுத்து மூலம் கேட்க வேண்டும் என்று நிர்வாகக் குழு இடைக்கால ஏற்பாடு செய்துள்ளது. ஆய்வகத்தோடு செய்துகொண்ட எழுத்து உடன்பாட்டிலும் இது உள்ளது.

மேற்சொன்ன ஏற்பாட்டை நிரந்தரமாக்குதல்; 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஊராட்சியின் பல்லுயிர் மேலாண்மைக் குழு வைத்திருக்க வேண்டிய மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டில் பொதுப் பட்டியலைச் சேர்க்கக் கோருதல்; தேசிய பல்லுயிர் ஆணையத்தின் ஒப்புதல் இன்றி மாதிரியோ அதன் மிச்சமோ வெளிநாட்டு நிறுவனம் எதற்கும் போகாதபடி உடன்பாட்டில் ஒரு விதி சேர்த்தல்; வரும் ஆண்டில் இறாலுக்கும் நண்டுக்கும் தனிச் சோதனை செய்ய நிதி ஒதுக்குதல் ஆகிய தீர்மானங்களைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன். கடைசித் தீர்மானத்துக்கான தொகையைப் பொருளாளர் தெரிவிப்பார்.