சம்பந்தி வீட்டுக்கும் வசனம் எழுதுங்கள்

கலப்புக் காதலை வைத்துச் சிரிப்புப் படம் எழுதும் தமிழ்த் திரைக்கதை ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள திரைக்கதை ஆசிரியர்களுக்கு,

வணக்கம். நான் மதுரைக்காரி. பிறந்த வீட்டில் தமிழ், வாழ்க்கைப்பட்ட வீட்டில் சௌராஷ்டிரம். அதனால் இரண்டு மொழி, இரண்டு குடும்பம், நடுவில் ஒரு காதல் என்று எந்தப் படம் வந்தாலும் முதல் வாரமே போய்விடுவேன். போய், இடைவேளைக்குள் சலித்துவிடுகிறது. ஏன் என்று சொல்லத்தான் இந்த மடல்.

உங்கள் படங்களில் சம்பந்தி வீடு என்று ஒன்று கிடையாது. ஓர் உச்சரிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். சேட்டு என்றால் ‘நம்பள்கி, நிம்பள்கி’. மலையாளி என்றால் டீக்கடையும் ஒரு ‘எந்தா’வும். அந்த வீட்டு அப்பா எதற்குப் பயப்படுகிறார், அம்மாவுக்கு என்ன ஆசை, பாட்டி யார்மேல் கோபித்துக்கொண்டு சாப்பிடாமல் படுத்திருக்கிறாள் என்று ஒன்றும் தெரியாது. கதாநாயகனின் நண்பன் அவர்கள் பேச்சைத் தப்பாகப் புரிந்துகொள்வான், நாம் சிரித்துவைக்க வேண்டும்.

இதையே நமக்குச் செய்தபோது பொறுத்தோமா? 2013-ல் இந்தியில் ‘சென்னை எக்ஸ்பிரஸ்’ வந்தபோது, தீபிகா படுகோன் இழுத்து இழுத்துப் பேசியதையும் ஊர் முழுக்க அரிவாள் தூக்கியதையும் பார்த்து முகம் சுளித்தவர்களில் நானும் உண்டு. தமிழ்ப் பெண்ணின் அப்பா என்றால் தாதாதானா என்று கேட்டோம். நியாயமான கேள்வி. சௌகார்பேட்டையில் வட்டிக்கடை வைத்திருப்பவரின் மகளும் அதையே நம்மிடம் கேட்கலாம். அவள் சென்னையிலேயே பிறந்து, பள்ளியில் தமிழ் படித்து, நம்மைவிட வேகமாகத் தமிழில் சண்டை போடுவாள். (மும்பையிலிருந்து வரும் நடிகைக்குக் கண்டாங்கி கட்டி, இரவல் குரல் கொடுத்துக் கிராமத்துப் பெண்ணாக்குவீர்கள். சௌகார்பேட்டைப் பெண்ணை மட்டும் அவளாகவே காட்ட மாட்டீர்கள்.)

2002-ல் வந்த ‘மை பிக் ஃபேட் கிரீக் வெட்டிங்’கை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சிகாகோவில் ஹோட்டல் நடத்தும் கிரேக்கக் குடும்பத்துப் பெண், கிரேக்கன் அல்லாத ஒருவனைக் காதலிக்கிறாள். கதை அவ்வளவுதான். எழுதி நடித்த நியா வர்தாலோஸ் கனடாவில் பிறந்த கிரேக்க வம்சாவளிப் பெண். தன் சொந்தக் குடும்பத்தைத்தான் மேடையில் தனி ஆளாக நின்று கதையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். படமாக்க வந்தவர்கள் கிரேக்கக் குடும்பத்தை ஸ்பானிய வம்சாவளிக் குடும்பமாக மாற்றச் சொன்னார்கள். அவர் மறுத்துவிட்டார். பிறகு நடிகை ரீட்டா வில்சன் மேடையில் அதைப் பார்த்தார். அவரும் கிரேக்கத் தாய்க்குப் பிறந்தவர். அவரும் கணவர் டாம் ஹாங்க்ஸும் தயாரிப்பில் இறங்கினார்கள். ஏறக்குறைய 50 லட்சம் டாலரில் எடுத்த படம், உலகம் முழுக்க 36 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. இத்தனைக்கும் அமெரிக்காவில் ஒரு வார இறுதியில்கூட முதலிடத்துக்கு வந்ததில்லை. பார்த்தவர்கள் சொல்லிச் சொல்லியே ஓடிய படம்.

கணக்கை விடுங்கள், ஒரு காட்சியைப் பாருங்கள். மாப்பிள்ளையின் அம்மா, நடுவில் ஓட்டை உள்ள கேக் ஒன்றைக் கொண்டுவருகிறார். பெண்ணின் அம்மாவுக்கு அது என்னவென்றே புரியவில்லை. உள்ளே எடுத்துப் போனவர், சற்று நேரம் கழித்து அந்த ஓட்டையில் ஒரு பூந்தொட்டியை வைத்துக் கொண்டுவருகிறார், சரிசெய்துவிட்ட பெருமையோடு. இங்கே சிரிப்பு யார் தலையில் விழுகிறது? எழுதியவரின் சொந்த வீட்டின் தலையில். அதனால்தான் எதிர்வீட்டாரும் சேர்ந்து சிரிக்க முடிகிறது.

அப்புறம் அந்த அப்பா. உடம்பில் எது வந்தாலும் கண்ணாடி துடைக்கும் விண்டெக்ஸை அடித்தால் சரியாகிவிடும் என்று நம்புகிறவர். படம் நெடுக அது ஒரு கேலி. கல்யாணத்தன்று மாப்பிள்ளை சொல்கிறான், காலையில் முகத்தில் பரு வந்தது, விண்டெக்ஸ் அடித்தேன், போய்விட்டது என்று. அவன் கிரேக்க முறைப்படி ஞானஸ்நானம் வாங்கிய காட்சியைவிட, இந்த ஒரு வரியில்தான் அவன் அந்த வீட்டுப் பிள்ளையானான் என்பது என் கட்சி. ஒரு குறையும் உண்டு. மாப்பிள்ளையின் பெற்றோருக்கு விறைப்பாக உட்கார்ந்திருப்பதைத் தவிர அந்தப் படத்தில் பெரிய வேலை இல்லை. அந்த இடத்தில் நீங்கள் முந்தலாம்.

அதற்குச் சிகாகோ போக வேண்டாம். மதுரையில் மகாலைச் சுற்றி உள்ள தெருக்களுக்கு வாருங்கள். பட்டு நெய்ய வந்து, நாயக்கர் காலத்திலேயே இங்கே ஊன்றிவிட்ட சௌராஷ்டிரர்கள் வீட்டுக்குள் இன்னும் தங்கள் மொழியைத்தான் பேசுகிறார்கள். டி.எம். சௌந்தரராஜன் பிறந்ததும் அப்படியொரு மதுரைக் குடும்பத்தில்தான். நீங்கள் விரும்பிக் காட்டும் சுங்குடிச் சேலையும் இவர்கள் கைவேலையே. துணியைச் சின்னச் சின்னதாகக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டு, சாயத்தில் முக்கி, காய்ந்தபின் அவிழ்த்தால் புள்ளி புள்ளியாக வரும்.

கல்யாணமான புதிதில் என் மாமியாரும் நாத்தனாரும் என் ரசத்தைப் பற்றிச் சௌராஷ்டிரத்தில் பேசிக்கொள்வார்கள். நான் அடுப்படிக்குள் நுழைந்தால் பேச்சு பாதியிலேயே தமிழுக்கு மாறும். ரசமும் திடீரென்று நன்றாகிவிடும். போகப் போக எனக்குப் புரிய ஆரம்பித்தது, காட்டிக்கொள்ளவில்லை. ஒருநாள் புளி தூக்கலாக இருக்கிறது என்று அவர் மகளிடம் சொல்ல, “அத்தை, புளி கரைச்சது நீங்கதானே?” என்று நான் தமிழில் கேட்டுவிட்டேன். கரண்டியைக் கீழே வைத்தவர் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், பிறகு மூவருமாகச் சிரிக்க ஆரம்பித்தோம். அன்றிலிருந்து ரகசியம் பேச அவர்கள் மொட்டை மாடிக்குப் போக வேண்டியதாயிற்று. இதில் வில்லன் யார்? ஒருவருமில்லை. காட்சி மட்டும் இருக்கிறது.

ஆணவக் கொலை நடக்கும் மண்ணில் சிரிப்பா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். 2016-ல் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் நடந்த ஆணவக் கொலையை மறக்கச் சொல்லவில்லை. அப்படிப்பட்ட கொடுமையைச் சிரிப்பாக்கவும் கூடாது. ஆனால் அரிவாள் எடுக்காத வீடுகள்தான் அதிகம். முணுமுணுத்து, பத்திரிகையில் பெயர் போட வேண்டாம் என்று முறைத்து, கடைசியில் பந்தியில் நின்று பாயசம் பரிமாறும் அப்பாக்களுக்கும் திரையில் இடம் வேண்டாமா? பாலசந்தர் 1981-ல் ‘ஏக் தூஜே கே லியே’வில் தமிழ்ப் பையனையும் வடநாட்டுப் பெண்ணையும் ஓராண்டு பிரித்துவைத்தார், இருவரும் செத்தே போனார்கள். 1997-ல் ‘காதலுக்கு மரியாதை’யில் இந்துப் பையனின் அம்மா ஸ்ரீவித்யாவும் கிறிஸ்தவப் பெண்ணின் அம்மா கே.பி.ஏ.சி. லலிதாவும் அந்தக் கடைசிக் காட்சியில் இரண்டு வீட்டையும் சேர்த்துவைத்தார்கள். தியேட்டரே அழுதது. சேர்ந்த பிறகு முதல் தீபாவளி எந்த வீட்டில், கிறிஸ்துமஸ் எந்த வீட்டில் என்ற சண்டையை எழுத ஆளில்லை. நல்ல சிரிப்புப் படம் அங்கேதானே தொடங்குகிறது?

திடுக்கிட வைக்கும் திருப்பம் வேண்டுமென்றால் சட்டமே தருகிறது. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டப்படி கல்யாணம் செய்ய, முதலில் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அது அலுவலகப் பலகையில் 30 நாள் ஊர் பார்க்கத் தொங்கும். பத்திரம் பதிய வந்த ஒன்றுவிட்ட சித்தப்பா அந்தப் பலகை முன்னால் மூக்குக்கண்ணாடியைத் தேடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கதாநாயகன் என்ன செய்வான்? முப்பதாம் நாள் தாண்டினாலும் மூன்று சாட்சிகள் வேண்டும். யார் வருவார்கள்?

ஆகவே என் வேண்டுகோள்கள். எந்தச் சமூகத்தை எழுதுகிறீர்களோ, அந்த வீட்டுப் பெண் ஒருத்தியை வசனம் எழுதும் இடத்தில் உட்காரவையுங்கள், சம்பளம் கொடுத்து. அவர்கள் அவர்கள் மொழியிலேயே பேசட்டும், கீழே தமிழில் எழுத்துப் போடுங்கள், நாங்கள் படித்துக்கொள்வோம். இரண்டு அம்மாக்களும் தனியாகப் பேசும் ஒரு காட்சியாவது வையுங்கள். பாட்டு வேண்டுமென்றால் கல்யாண மண்டபத்திலேயே எடுங்கள், சுவிட்சர்லாந்துச் செலவு மிச்சம். இன்னொன்று: எங்கள் மாமியார்களைத் தயவுசெய்து மாடிப்படியிலிருந்து உருட்டிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
முதல் வாரமே டிக்கெட் வாங்கும் மதுரை ரசிகை ஒருத்தி