பதினோரு கேள்விகள்

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்குச் சோம்பல்தான் காரணம், வேறு சாக்கு சொல்லப்போவதில்லை. பனி விழுகிற சின்ன ஊர் ஒன்றுக்குக் குடிபோவதைப் பற்றி நீ கேட்டிருந்ததை எண்ணிப் பார்த்தேன், மொத்தம் பதினோரு கேள்விகள். ஒன்பது குளிரைப் பற்றி. ஒன்று, சாமான்களில் எதை எடுத்துப்போவது, எதை விற்றுவிடுவது என்று. கடைசிக் கேள்வி, "திரும்பி வந்துவிடலாம் என்று தோன்றியதா?" அதைக் கடைசிக்கே வைத்துக்கொள்கிறேன்.

போன வருஷம் இதே சமயம் நானும் உன்னைப் போலத்தான் இருந்தேன். இவருக்கு மாற்றல் உறுதியானதிலிருந்து ராத்திரியெல்லாம் குளிரைப் பற்றியே படித்தேன். மைனஸ் 40 டிகிரியில் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணாகிவிடும் என்று ஓரிடத்தில் படித்துவிட்டு இரண்டு நாள் தூக்கமில்லை. இங்கே வந்து ஒரு பனிக்காலம் முழுசாகப் பார்த்தாயிற்று, அந்த எண்ணின் பக்கத்தில்கூடப் போகவில்லை. இப்போது என் அபிப்பிராயம் இதுதான்: குளிர் பெரும்பாலும் காசு கொடுத்தால் தீர்கிற பிரச்சினை. ஊர் சின்னது என்பது அப்படித் தீராது. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. அதனால்தான் உனக்கு இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சரி, முதலில் குளிர்.

உடம்பெல்லாம் மூடும் ஒரு தடி ஜாக்கெட்டை வாங்கிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதே. மூன்று அடுக்காகப் போட வேண்டும். தோலோடு ஒட்டுகிற உள்ளுடை பருத்தியாக இருக்கவே கூடாது, வேர்வையை உறிஞ்சிக்கொண்டு ஈரமாகவே இருக்கும், அந்த ஈரம்தான் நடுக்கும். அதன் மேல் கம்பளி, அதற்கும் மேல் காற்றுப் புகாத ஒன்று. பிள்ளைகளுக்கு பூட்ஸ் கொஞ்சம் பெரிதாகவே வாங்கு. இறுக்கமான பூட்ஸுக்குள் இரண்டு சாக்ஸைத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும். சின்னவளுக்கு விரல் விரலாகப் பிரிந்த கையுறை வாங்கிக் காசை வீணாக்கினேன். நாலு விரலும் ஒன்றாக இருக்கிற, பை மாதிரியான கையுறைதான் சூடு. மூன்று ஜோடி வாங்கிவை. இரண்டு பிப்ரவரிக்குள் தொலைந்துவிடும்.

இன்னொன்று, மறக்காதே. காரில் குழந்தை சீட்டில் உட்கார வைக்கும்போது தடி ஜாக்கெட்டைக் கழற்றிவிட வேண்டும். பெல்ட்டை இழுத்துக் கட்டியது போலத்தான் இருக்கும். ஆனால் மோதினால் ஜாக்கெட் அமுங்கி, பெல்ட்டுக்கும் குழந்தைக்கும் நடுவே இடைவெளி விழுந்துவிடும். பெல்ட்டைப் போட்டபின் மேலே ஒரு போர்வை, அவ்வளவுதான். முதல் மாதம் முழுக்கத் தெரியாமல் ஜாக்கெட்டோடுதான் கூட்டிப்போனேன். நினைத்தால் இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

கார் டயரை முதல் பனி விழுந்ததும் பனிக்கால டயராக மாற்றிக்கொள்ளலாம் என்று இவர் சொன்னார். சாதாரண டயரின் ரப்பர் 7 டிகிரிக்குக் கீழே போனாலே இறுகி, பிடிமானத்தை இழக்க ஆரம்பிக்கிறது. பனி விழும் வரைக்கும் காத்திருக்கத் தேவையே இல்லை. நாங்கள் காத்திருந்தோம். முதல் பனி விழுந்த காலையில் ஊரில் எங்களைப் போன்ற புத்திசாலிகள் எல்லோரும் அதே மெக்கானிக் முன்னால் நின்றோம். எங்கள் முறை வரப் பதினோரு நாள் ஆனது.

வீட்டுக்குள் குளிர் இல்லை, வறட்சிதான். வெளியே மைனஸ் 10 டிகிரியில் இருக்கிற காற்றில் ஈரம் மிகக் கொஞ்சம். அதையே உள்ளே இழுத்து 20 டிகிரிக்குச் சூடாக்கினால் ஈரப்பதம் பத்துப் பன்னிரண்டு சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கும். உதடு வெடித்தது, பெரியவனுக்கு மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. கதவுக் குமிழைத் தொட்டால் சுளீரென்று ஷாக். சின்னவள் வேண்டுமென்றே கம்பளத்தில் காலைத் தேய்த்துக்கொண்டு வந்து எல்லோரையும் தொட்டுப் பார்ப்பாள். காற்றில் ஈரம் சேர்க்கிற ஹ்யூமிடிஃபயர் ஒன்று வாங்கின பிறகு கொஞ்சம் அடங்கியது.

வீட்டுக்குக் குடிபோகும் முதல் நாளே தண்ணீர் மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று கேட்டுவை. தண்ணீர் உறைந்தால் ஏறத்தாழ 9 சதவீதம் பெருக்கும், குழாய் அதைத் தாங்காது. கடுங்குளிர் ராத்திரிகளில் வெளிச்சுவரை ஒட்டிய குழாயைச் சொட்டுச் சொட்டாகத் திறந்துவிட்டு, சிங்க்குக்குக் கீழே இருக்கிற அலமாரிக் கதவையும் திறந்துவைப்போம், உள்ளே இருக்கிற சூடு குழாய்க்கும் எட்டட்டும் என்று. ஹீட்டரின் புகை வெளியே போகிற குழாயின் வாயைப் பனி மூடாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். மூடினால் கார்பன் மோனாக்சைடு வீட்டுக்குள்ளேயே தங்கும், அதற்கு வாசனை கிடையாது. அதைக் கண்டறிந்து கத்துகிற அலாரம் இல்லாத வீட்டை வாடகைக்கு எடுக்காதே, எடுத்தால் அன்றைக்கே வாங்கி மாட்டு.

இப்போது பனி அள்ளுவதற்கு வருகிறேன். இதைப் பற்றி நீ ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை, ஆனால் எங்கள் பனிக்காலமே இதுதான். புதிதாக விழுந்த பனி பஞ்சு மாதிரி இருக்கும். ஒரு கன மீட்டர் 50 கிலோவிலிருந்து 100 கிலோ வரை இருக்கலாம். மண்வாரியில் எடுத்தால் எடையே தெரியாது. ஒரு நாள் விட்டுப் பார், ஈரம் சேர்ந்து படிந்தால் அதே அளவு மூன்று மடங்கு கனக்கும். இது போதாதென்று, நாம் வாசலைச் சுத்தமாக அள்ளி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிரும்போது, தெருவில் பனி தள்ளுகிற லாரி வரும். தெருவின் பனியை எல்லாம் ஒதுக்கி நம் வாசலுக்குக் குறுக்கே முழங்கால் உயரத்துக்கு ஒரு வரப்புக் கட்டிவிட்டுப் போய்விடும். எங்கள் வீட்டில் அதற்குப் பெயரே வரப்புதான். அந்தப் பனி நசுங்கி, உப்பும் மண்ணும் கலந்து வரும். ஒரு மணி நேரம் விட்டால் கல்லு. முதல் தடவை இவர் கோபத்தில் அதை ஒரே மூச்சில் அள்ளப் போய் நாலு நாள் படுத்துவிட்டார். பனி அள்ளும்போது மாரடைப்பு வருவது இங்கே புதிதல்ல. திடீர் உழைப்பு, அதோடு குளிரில் ரத்தக் குழாய்கள் வேறு சுருங்கிவிடும். உன் வீட்டுக்காரருக்கு ரத்த அழுத்தம் இருக்கிறதே, அவரை அள்ள விடாதே. தெருப் பையன் யாருக்காவது காசு கொடு, இல்லையென்றால் இயந்திரம் வாங்கு.

வழுக்கலுக்கு உப்புப் போடுவார்கள். ஜனவரியில் ஒரு நாள் மைனஸ் 18. படியில் அரை மூட்டை உப்பைக் கொட்டிவிட்டு, ஏன் உருகவில்லை என்று வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சாதா உப்பு மைனஸ் 10 டிகிரிக்குப் பக்கத்தில் போனாலே பெரும்பாலும் கைவிட்டுவிடுமாம். எதிர்வீட்டு அம்மா ஒரு வாளி மணலோடு வந்து, ஒன்றும் சொல்லாமல் படியில் தூவிவிட்டுப் போனார். அதுதான் எங்கள் முதல் அறிமுகம். அவர் பெயர் தெரிய இன்னும் ஒரு மாதம் ஆனது.

இங்கிருந்துதான் ஊர் விஷயம் தொடங்குகிறது.

குழந்தைகள் மருத்துவர் ஊருக்கு ஒருவர்தான். புதிதாக யாரையும் சேர்த்துக்கொள்வதில்லை, பெயரை எழுதிவைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வேலை உறுதியான கையோடு அங்கே பெயரைக் கொடுத்துவிடு, வீடு பார்ப்பதற்கு முன்னாலேயே. அதைவிடப் பெரிய விஷயம் உன் வேலை. இவருக்கு இங்கே வேலை இருந்தது, எனக்கு இருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்தேன். என் துறையில் இந்த ஊரில் மொத்தம் மூன்று இடங்கள், மூன்றிலும் ஆள் இருக்கிறார்கள். ஒருவர் ஓய்வு பெற்றால்தான் எனக்கு வழி. வீட்டிலிருந்தே செய்கிற வேலை ஒன்று கிடைத்துத் தப்பித்தேன், அதுவும் ஏழு மாதம் கழித்து. இவருடைய வேலை போனாலும் இதே கதைதான், பக்கத்துத் தெருவில் இன்னொன்று கிடைக்காது, ஊரையே காலி செய்ய வேண்டும். அதனால் முதல் வருஷம் வீடு வாங்காதே. விலை எவ்வளவு ஆசை காட்டினாலும் சரி.

அப்புறம், ஒளிந்துகொள்ள இடமில்லை. பெரியவன் வகுப்பில் ஒருவனோடு சண்டை போட்டான். நான் புத்தகம் எடுக்கப் போன நூலகத்தில் உட்கார்ந்திருந்தது அந்தப் பையனின் அம்மா. பல் மருத்துவரிடம் போனால் வரவேற்பில் அவனுடைய சித்தி. பெரிய ஊரில் ஒருவரைப் பிடிக்கவில்லை என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளலாம். இங்கே சமாதானமாவதைத் தவிர வழியில்லை. எனக்கு இது சுத்தமாகப் பழகவில்லை. என்னைத் தெரியும் உனக்கு, ஒருவரோடு முறைத்துக்கொண்டால் ஆறு மாதமாவது தள்ளியிருக்க வேண்டும் எனக்கு!

ஆனால் இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. பிப்ரவரியில் ஒரு சாயங்காலம் பிள்ளைகளோடு வரும்போது கார் ஓரத்துப் பனிக்குள் இறங்கிவிட்டது. சக்கரம் சுழல்கிறது, வண்டி நகரவில்லை. இரண்டு நிமிஷத்துக்குள் மூன்று வண்டிகள் நின்றன. யாரும் என்னைக் கேட்கவில்லை, மண்வாரியை எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டார்கள். ஒருவர் வந்து முதலில் காரின் புகைக்குழாய் வாயைத்தான் சுத்தம் செய்தார், உள்ளே குழந்தைகள் இருக்கிறார்களே என்று. நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் போய்விட்டார்கள். அதில் ஒருவர் நான் மூன்று மாதமாகப் பேசாமல் இருந்த அந்தப் பையனின் அப்பா.

டிசம்பர் மட்டும் எனக்கு ஆகவில்லை, அதை மறைக்க விரும்பவில்லை. சாயங்காலம் நாலரைக்கே இருட்டு. காரணமே இல்லாமல் அழுகை வரும், எழுந்திருக்கவே பிடிக்காது. என் பலவீனம் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். 1984இல் நார்மன் ரோசென்தால் என்ற மருத்துவரும் அவரோடு இருந்தவர்களும் வெளிச்சக் குறைவால் வருகிற மனச்சோர்வு என்று இதை விவரித்து எழுதியிருக்கிறார்கள் என்பது மருத்துவரிடம் போனபிறகுதான் தெரிந்தது. 10,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கிற அலகு) விளக்கு ஒன்று வாங்கி, காலையில் அரை மணி நேரம் அதன் முன்னால் உட்காரச் சொன்னார். கேலியாகத்தான் ஆரம்பித்தேன். இரண்டாவது வாரத்திலிருந்து யாரும் எழுப்பாமலே எழுந்தேன். நீ அக்டோபரிலேயே ஆரம்பித்துவிடு.

பிள்ளைகளைப் பற்றிக் கவலையே வேண்டாம். பெரியவனுக்கு இப்போது பென்ட்லி பைத்தியம். வில்சன் பென்ட்லி என்று ஒரு விவசாயி, அமெரிக்காவில் வெர்மான்ட்டின் ஜெரிக்கோ என்ற சிற்றூரில் இருந்தவர். 1885இல் மைக்ரோஸ்கோப்போடு கேமராவைப் பொருத்தி ஒற்றைப் பனித்துகளைப் படம் எடுத்தாராம், பிறகு சாகும்வரை ஐயாயிரத்துக்கு மேல். பனி விழ ஆரம்பித்தால் இவன் என் கறுப்புத் துப்பட்டாவைப் பால்கனியில் விரித்துக்கொண்டு, லென்ஸோடு மூச்சைப் பிடித்து உட்கார்ந்துவிடுவான். மூச்சுப் பட்டால் கரைந்துவிடும் அல்லவா. அவன் அவ்வளவு நேரம் அசையாமல் இருந்து நான் பார்த்ததே இல்லை.

சாமான் கேள்விக்கு ஒரே பதில்: புத்தக அலமாரியைக் கொண்டு போ, தோட்டச் சாமான்களை விற்றுவிடு.

கடைசிக் கேள்வி. டிசம்பரில் தினமும் தோன்றியது. ஜனவரியில் வாரத்துக்கு ஒரு தடவை. இப்போது, வேலை கிடைக்காமல் இருந்த அந்த ஏழு மாதத்தை நினைத்தால் மட்டும் தோன்றுகிறது. நீ ஒன்று செய்யலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்த ஊருக்கு ஒரு வாரம் போய்ப் பார். ஜூனில் போகாதே, ஜூனில் எந்த ஊரும் அழகுதான். பிப்ரவரி நடுவில் போ, செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கடைத்தெருவில் நட. எத்தனை பேர் உன்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள் என்று எண்ணு. அது உனக்கு எரிச்சலாக இருக்கிறதா, ஆறுதலாக இருக்கிறதா என்று எனக்கு எழுது.

மார்ச் முடியப்போகிறது, இன்னும் கொட்டிக்கொண்டுதான் இருக்கிறது. தெருமுனையில் லாரிச் சத்தம் கேட்கிறது. இவர் இன்னும் வரவில்லை. வரப்பு கல்லாவதற்குள் நான்தான் அள்ள வேண்டும்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி